திரும்பி வரும் காசநோய்: நம்ம குழு என்ன செய்யலாம்?

(கூட்டமைப்பின் மார்கழி மாதப் பொதுக்குழுவில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு காசநோய். தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் ஒரு அம்மா, "டி.பி.யா? அதெல்லாம் எங்க பாட்டி காலத்து நோயாச்சே" என்று சொன்னது காதில் விழுந்தது. நல்லதுதான், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். அது பாட்டி காலத்தோட போகவில்லை அம்மா. உலகத்தில் காசநோய் வருகிற 4 பேரில் ஏறக்குறைய ஒருவர் நம்ம நாட்டுக்காரர். 2025-க்குள் இந்த நோயை ஒழித்துவிடுவோம் என்று நாடு இலக்கு வைத்தது. அந்த வருஷம் போய்விட்டது, நோய் போகவில்லை. ஒரு தடவை குணமான வீட்டுக்கே அது திரும்பவும் வருகிறது. அது எப்படித் திரும்பி வருகிறது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஏன் இன்றைக்கு? தை பிறந்தால் மேஸ்திரி வந்துவிடுவார். நம்ம உறுப்பினர்களில் எத்தனை குடும்பம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். போனால் ஆடிக்குத்தான் ஊர் திரும்புவார்கள். அதற்குள் ஒரு வேலை முடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "பேரு மட்டும் வேணாம் மேடம், மத்ததை எல்லாம் சொல்லுங்க" என்றார்.

சில வருஷத்துக்கு முன்னால் நம்ம குழு ஒன்றில் அந்த அக்கா தொடர்ந்து 3 கூட்டத்துக்கு வரவில்லை. சந்தாவை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினார். விதிப்படி குழு அபராதம் போட்டது. தீர்மான நோட்டைச் சரிபார்த்தவள் நான். "சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டேன். சமூகப்பணிப் படிப்பு படித்தவள். ஒரு பெண் 3 கூட்டம் வரவில்லை என்றால் அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்கத்தான் அந்தப் படிப்பே. நான் போகவில்லை.

அவருக்குக் காசநோய். எடை 37 கிலோ. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி பார்த்து, மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். தினமும் 3 மாத்திரை. இரண்டரை மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். இருமல் நின்றது, பசி எடுத்தது, எடையும் ஏறியது. தை மாதம் சூளைக்குக் கிளம்பும்போது கையில் 10 நாள் மாத்திரை இருந்தது. அது தீர்ந்த பிறகு வாங்கவில்லை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிட்டார். ராத்திரி 2 மணிக்கு எழுந்து கல் அறுக்கப் போகிறவர்கள், பழக்கமில்லாத ஊரில் ஆஸ்பத்திரி எங்கே என்று தேடிக்கொண்டு போவார்களா? போனால் அன்றைய கூலி போச்சு.

ஆடியில் திரும்பி வந்தபோது இருமல் திரும்பி வந்திருந்தது. வீட்டில் 4 வயசுப் பெண் குழந்தை. அங்கன்வாடியில் மாசாமாசம் எடை போட்டால் முள் நகரவே இல்லை. குழந்தைக்கும் அதே நோய். அந்த அக்கா வீட்டுக்கு நான் போனது அப்போதுதான். சிகிச்சை அட்டையைக் கேட்டேன். எழுந்துபோய்க் குழு பாஸ்புக்கை எடுத்து வந்தார். அதன் பிளாஸ்டிக் உறைக்குள்ளே, பாஸ்புக்குக்குப் பின்னால், அட்டை மடித்து ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

"ஏன் குழுவில் சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா கடன் கொடுப்பீங்களா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம் இன்னொரு உறுப்பினரின் கடன் மனு வந்தபோது, "அந்தம்மா வீட்டுக்காரருக்கு டி.பி., கொடுத்தா திரும்பி வருமா?" என்று அதே குழுவில் பேசியிருக்கிறார்கள். இவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

குழந்தையும் அம்மாவும் இப்போது நன்றாக இருக்கிறார்கள். அவருடைய கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறியிருக்கவில்லை, அது நல்ல காலம். முழு 6 மாதம் மறுபடி முதலிலிருந்து சாப்பிட்டார். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் எல்லாருக்கும் அந்த நல்ல காலம் அமையாது.

சரி, உடம்பு தேறிய பிறகும் ஏன் சாப்பிட வேண்டும்? இங்கே களை எடுக்காதவர்கள் யாரும் இல்லை. கோரைப்புல்லை மேலாகப் பிடுங்கினால் என்ன ஆகும்? வயல் பார்க்க சுத்தமாக இருக்கும். நாலு தூறல் விழுந்தால் அடியில் இருக்கிற கிழங்கிலிருந்து திரும்பவும் முளைக்கும். காசநோய்க் கிருமியும் அப்படித்தான். முதல் 2 மாதம் 4 வகை மருந்து. அதில் பெரும்பாலான கிருமி செத்துப்போகும், இருமல் நிற்கும். ஆனால் அசையாமல் தூங்குகிற கிருமி நுரையீரலுக்குள் மிச்சம் இருக்கும். அதைக் கொல்லத்தான் அடுத்த 4 மாதம், 3 வகை மருந்து. பாதியில் விட்டால் மிச்சம் இருக்கிற கிருமி பெருகும், மருந்துக்கும் பழகிப்போகும். பழகிய கிருமிக்கு வேறு மருந்து, அதில் தொல்லையும் அதிகம். முன்பு அந்தச் சிகிச்சை ஒன்றரை வருஷத்துக்கு மேலே கூடப் போகும். இப்போது பலருக்கு 6 மாதத்தில் முடிகிற புது மருந்து முறை வந்திருக்கிறது, அதை நம்ம நாட்டில் 2024-ல் அனுமதித்தார்கள். இருந்தாலும் அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதுதான் நல்லது.

திரும்பி வருவதைப் பற்றி நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒரு ஆய்வு நடந்து 2005-ல் வெளிவந்தது. சிகிச்சை முடித்துக் குணமான 503 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 18 மாதத்துக்குள் 62 பேருக்கு நோய் திரும்பி வந்தது. யாருக்கு அதிகம் வந்தது? மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு, முதலிலேயே மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தவர்களுக்கு, பீடி சிகரெட் பிடித்தவர்களுக்கு. அது வாரத்துக்கு 3 நாள் மாத்திரை கொடுத்த காலம். இப்போது தினசரி மாத்திரை. ஆனால் விட்டு விட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் மாறவில்லை. அதனால்தான் சிகிச்சை முடிந்த பிறகும் 6 மாதத்துக்கு ஒரு தடவை, 2 வருஷம் வரைக்கும் போய்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். "முடிஞ்சு போச்சு" என்று யாரும் அந்தப் பக்கமே போவதில்லை. நம்ம வீட்டுக்காரர்களைச் சொல்லவே வேண்டாம்.

எல்லாத் தப்பும் நோயாளி மேலே என்று நான் சொல்ல வரவில்லை. 2024 தொடக்கத்தில் நாட்டின் பல இடங்களில் காசநோய் மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்தது. அப்படி நடந்தால் பேசாமல் திரும்பி வராதீர்கள். குழுவாகப் போய்க் கேளுங்கள். வங்கி மேனேஜரிடம் போய் நிற்கிற நமக்கு ஆஸ்பத்திரியில் கேட்கத் தெரியாதா?

இப்போது சாப்பாட்டு விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், எனக்கே இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

முன்பெல்லாம் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் படுக்கப் போட வேண்டும், பால் முட்டை கறி கொடுக்க வேண்டும் என்பார்கள். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் தெரியும் இல்லையா, அந்தப் பெயரே 1928-ல் அங்கே ஆரம்பித்த காசநோய் மருத்துவமனையால் வந்ததுதான். பிறகு 1956-ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. ஏழை நோயாளிகள் 193 பேர். பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்தும் பாதிப் பேரை அவர்கள் வீட்டிலேயே வைத்தும் ஒரு வருஷம் மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் நெரிசல், சாப்பாடும் குறைவு, ஆனாலும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அதன் பிறகுதான் உலகம் முழுக்க வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கிற பழக்கம் வந்தது. இன்றைக்கு நம்ம வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாத்திரை சாப்பிட முடிகிறது என்றால் அது அந்தச் சென்னை ஏழைகள் 193 பேரால்தான்.

ஆனால் அதிலிருந்து ஒரு பாதகமும் வந்தது என்பது என் எண்ணம். மருந்து இருந்தால் போதும் என்று சாப்பாட்டை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அதை ஞாபகப்படுத்த 60 வருஷத்துக்கு மேல் ஆனது. 2019-ல் ஜார்க்கண்ட் மாநிலத்தில், பெரும்பாலும் பழங்குடி மக்கள் இருக்கிற கிராமங்களில், இன்னொரு ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். அதற்கு வைத்த பெயரே "ரேஷன்ஸ்". 2,800 நோயாளிகள், அவர்கள் குடும்பத்தில் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் சத்துணவுப் பை கொடுத்தார்கள். பாதிக் குடும்பங்களில் மட்டும் வீட்டில் இருக்கிற மற்ற ஆட்களுக்கும், ஆளுக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு கொடுத்தார்கள்.  ஊசி இல்லை, மருந்து இல்லை. 2023-ல் முடிவு வெளிவந்தது. அரிசி பருப்பு போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி தெரிகிற, அதாவது பரவுகிற வகை, ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இன்னொன்றும் தெரிந்தது. முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடம், அதாவது 40 கிலோ இருப்பவர் 2 கிலோ கூடினால், சாவு சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது.

அரிசியும் பருப்பும் எங்கே வாங்குகிறோம்? நம்ம ரேஷன் கடையில். நான் வீடு வீடாகப் போகிறவள், ஒன்று பார்த்திருக்கிறேன். பருப்பைக் குழம்பில் கண்ணுக்குத் தெரியாமல் கரைத்துவிடுகிறோம். முட்டை வாங்கினால் அது வீட்டுக்காரருக்கும் பையனுக்கும். கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு ரசமும் அடிச்சோறும். அப்புறம் "ஏன் 38 கிலோவிலேயே நிக்கிறேன்?" என்று என்னையே கேட்கிறீர்கள்!

நோயாளிக்கு அரசாங்கம் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் போடுகிறது. 2018-ல் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000. நிறையப் பேருக்கு இது வந்து சேருவதில்லை. கணக்கு முடங்கிப்போயிருக்கும், ஆதார் இணைத்திருக்க மாட்டார்கள், பாஸ்புக்கில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும். இந்தச் சிக்கலை எல்லாம் நம்மை விட நன்றாக அவிழ்க்கத் தெரிந்தவர்கள் ஊரில் யார்? வங்கியும் நாமும் எத்தனை வருஷப் பழக்கம்! குழுவில் படிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் அரை நாளில் முடிகிற வேலை.

பெண்களுக்கென்று சில விஷயம், ஆண்கள் இல்லாத கூட்டம் என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பயப்பட வேண்டாம், ரிஃபாம்பிசின் என்கிற மருந்தின் நிறம் அது. அதே மருந்து, கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நர்ஸம்மாவிடம் சொல்லி வேறு முறைக்கு மாறிக்கொள்ள வேண்டும். இதை யாரும் தானாக வந்து சொல்வதில்லை. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சிகிச்சையை நிறுத்த வேண்டியதில்லை. தாய்ப்பாலும் கொடுக்கலாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தனித் தட்டு, தனி டம்ளர், மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது, இதெல்லாம் தேவையே இல்லை. நோய் தட்டில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை, இருமும்போது காற்றில் வருகிறது. சரியான மாத்திரை ஆரம்பித்து 2 வாரத்திலேயே பரப்புகிற தன்மை பெரும்பாலானவர்களுக்கு ரொம்பக் குறைந்துவிடும். வாயை மூடி இருமுவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும்தான் உதவும். பயப்பட வேண்டியது மாத்திரை சாப்பிடுகிறவரைப் பார்த்து இல்லை. 2 வாரத்துக்கு மேலே இருமிக்கொண்டு, மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டு, சளி பார்க்கவே போகாதவரைப் பார்த்துத்தான். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வேர்வை, சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, எதுவானாலும் போய்க் காட்டுங்கள். சளி கொடுக்கும்போது எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பெண்கள் கூச்சத்தில் அப்படித்தான் செய்கிறார்கள், பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிடுகிறது. ஆழமாக மூச்சு இழுத்து நெஞ்சிலிருந்து வர வேண்டும்.

நோயாளி வீட்டில் இருக்கிற மற்றவர்களையும் பரிசோதித்து, நோய் இல்லை என்றால் வராமல் தடுக்க மாத்திரை கொடுக்கிறார்கள். தினமும் ஒரு வேளையாக 6 மாதம், அல்லது வாரம் ஒரு தடவையாக 3 மாதம். 5 வயசுக்குக் கீழே குழந்தை இருந்தால் இதை விடவே கூடாது. அந்த அக்கா வீட்டுக் குழந்தைக்கு அது கிடைத்திருக்க வேண்டியது.

மிகவும் மெலிந்து, எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தால், மூச்சு வாங்கினால், அவரை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 2022 ஏப்ரலிலிருந்து நம்ம மாநிலத்தில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் கண்டுபிடித்த உடனே எடை, மூச்சு, நிற்கிற தெம்பு பார்த்து, மோசமாக இருப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்பதுதான் அதன் முக்கிய வேலை. அதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி பொங்கலுக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை. காசநோய் சிகிச்சை எடுக்கிறவருக்கு நிக்‌ஷய் எண் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். அந்த எண் இருந்தால் நாட்டில் எந்த அரசு சுகாதார நிலையத்திலும் மாத்திரையைத் தொடரலாம். சூளைக்கோ கரும்பு வெட்டவோ கிளம்புகிறவர்கள், கிளம்புவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்லி, சிகிச்சையை அங்கே மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் ஒரு மாத மாத்திரை கேளுங்கள். எண்ணைக் குழு நோட்டில் எழுத வேண்டாம், அது எல்லார் கண்ணிலும் படும். செல்போனில் போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

அபராதம் பற்றி நேற்று செயற்குழுவில் பேசினோம். 2 கூட்டம் வராதவர் வீட்டுக்கு ஊக்குநரோ பிரதிநிதியோ போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அபராதம் போட வேண்டும் என்று முடிவு. நோயைக் காரணம் காட்டிக் கடன் மறுத்ததாகத் தெரிந்தால் கூட்டமைப்பு கேள்வி கேட்கும். இதற்குச் சில குழுக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "கடன் திரும்பாவிட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 6 மாதம் தவணையைத் தள்ளிப்போட்டு, வட்டியை மட்டும் கட்டச் சொல்லலாம் என்று ஒரு குழு சொல்லியிருக்கிறது. உங்கள் குழுவில் பேசி எழுதி அனுப்புங்கள்.

(பேச்சு முடிந்ததும் ஓர் உறுப்பினர் எழுந்து, "அட்வான்ஸ் வாங்கிட்டா மாத்திரை வாங்கப் போறதுக்கு மேஸ்திரி விடமாட்டாரே மேடம், என்ன செய்யறது?" என்று கேட்டார். அதற்கு அளித்த பதில்:)

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லுங்க அக்கா. மாசத்தில் ஒரு நாள், அரை நாள் போதும் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லத் தயங்கினால், மேஸ்திரி ஊருக்கு வருகிற அன்றைக்கு எனக்கு ஒரு போன் போடுங்கள். நானும் உங்கள் ஊக்குநரும் வந்து பேசுகிறோம். வந்த பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தச் சூளைக்குப் போக வேண்டாம், வேறு சூளை பார்ப்போம். நம்ம ஊரில் இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அதில் யார் யார் கிளம்புகிறார்கள் என்று போகிக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.